குருத்தோலையும் சாம்பலும்

அன்றாட வாழ்விலும் பருவங்களிலும் தேவனைக் கண்டு மனம் தேறுவது என்பது கிறிஸ்தவ எழுத்தில் ஒரு தனி வகை. தினத் தியானப் புத்தகங்கள், சபைப் பத்திரிகைகள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. இதற்கு ஒரு வாய்பாடும் உண்டு. மழை பெய்கிறது, ஆகவே கிருபை. இலை உதிர்கிறது, ஆகவே பொறுமை. பட்ட மரம் துளிர்க்கிறது, ஆகவே உயிர்த்தெழுதல். மழையோடும் எனக்குச் சண்டையில்லை, கிருபையோடும் சண்டையில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த 'ஆகவே'யோடுதான் சண்டை. மழையைப் பார்த்து முடிப்பதற்குள் அதை விட்டு ஓடிவிடுகிற அவசரம் அந்தச் சொல்லில் இருக்கிறது. இப்படிப் பார்க்கிறவனுக்கு மழை கிடைப்பதில்லை. கிருபையும் அவனுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றாகவே திரும்பி வருகிறது.

நம் வட்டத்தில் இந்த வகை எழுத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆண்டாளின் மார்கழியைக் கவிதையாக வாசிக்க நமக்குக் கூச்சம் இல்லை. கிறிஸ்தவ பக்தி என்று வந்துவிட்டால் மட்டும் அது மிஷன் அச்சுக்கூடத்துச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். சபைக்காரர்கள் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்வதும் நாம் வாசிக்காமல் தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரண்டு பக்கங்கள். நான் எந்தச் சபையையும் சேர்ந்தவன் அல்ல. வாசகன் என்ற பாத்தியதையில்தான் இதை எழுதுகிறேன். என் கேள்வி இதுதான்: மனம் ஒடிந்து கிடக்கிற ஒருவனுக்கு ஒரு வயலோ, ஒரு விளக்குமாறோ, ஒரு மழைக்காலமோ தெம்பு தரக்கூடும் என்றால், எந்த வழியில் தருகிறது? தமிழ் பைபிள் பரிசுத்த ஆவியைத் 'தேற்றரவாளன்' என்கிறது. அந்தத் தேற்றரவு 'ஆகவே' இல்லாமல் கவிதையில் சாத்தியமா? இதை இறையியலிடம் கேட்பதைவிடக் கவிதையின் உருவத்திடம் கேட்பது நல்லது என்பது என் கட்சி.

'ஆகவே'யின் பெருங்கவி ஜான் கீபிள். 1827-ல் வெளிவந்த அவரது 'கிறிஸ்தவ ஆண்டு' ஆங்கிலத் திருச்சபையின் நாட்காட்டியை அப்படியே பின்பற்றி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரு கவிதை என்று ஓர் ஆண்டைச் சுற்றி வருகிறது. 1866-ல் கீபிள் இறப்பதற்குள் தொண்ணூறு பதிப்புகளுக்கு மேல் போயிற்று. ஜெபப் புத்தகத்தில் மனத்தை அமைதிப்படுத்தும் ஒரு தன்மை இருக்கிறது, அதை எடுத்துக் காட்டுவதே நோக்கம் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். நோக்கம் பூரணமாக நிறைவேறியிருக்கிறது. நிறைவேறியதுதான் குறை. கீபிளின் ஆண்டில் நாட்காட்டிக்கு விரோதமாக எதுவும் நடப்பதில்லை. பனியும் பூவும் உதிர்வும் முறையாக வந்து, தத்தம் பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போகின்றன. இயற்கை கடவுள் எழுதிய இரண்டாவது புத்தகம் என்பது பழைய கொள்கை. கீபிளிடம் அது அடிக்குறிப்புகளோடு அச்சாகிவிட்ட புத்தகம். வாசகன் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. ஏற்கனவே அமைதியாக இருக்கிறவனை இது மேலும் அமைதிப்படுத்தும். உடைந்தவனுக்கு இதில் இடம் இல்லை.

கீபிளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியவர் ஜார்ஜ் ஹெர்பர்ட். கேம்பிரிட்ஜின் அதிகாரபூர்வப் பேச்சாளர், பார்லிமெண்ட் உறுப்பினர் என்றெல்லாம் இருந்துவிட்டு, 1630-ல் ஸால்ஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்டன் என்ற சின்னக் கிராமத்துக்குப் பாதிரியாராகப் போனார். மூன்று ஆண்டுகளில், 39 வயதில், இறந்துபோனார். கவிதைகள் இறந்த அதே 1633-ல் வெளிவந்தன. கிராமத்துப் பாதிரியாருக்கென்று அவர் எழுதி 1652-ல் அச்சான உரைநடைக் கையேட்டில், உழவையும் மேய்ச்சலையும் தெரிந்து வைத்துக்கொண்டு உபதேசத்துக்கு உதாரணமாக்க வேண்டும் என்று யோசனை சொல்கிறார். அங்கே பேசுகிறவர் பிரசங்கி. கவிதையில் விஷயம் வேறு. வீடு பெருக்கும் ஒரு வேலையாள் அவர் கவிதையில் வருகிறான். பெருக்குவது ஆத்ம சுத்திக்குக் குறியீடு என்று ஹெர்பர்ட் சொல்வதில்லை. அறை அறையாகவே இருக்கிறது, தூசி தூசியாகவே இருக்கிறது. 'உனக்காக' என்று எண்ணிப் பெருக்கினால் அந்த வேலை உயர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். 'ஆகவே' என்பது தர்க்கம். 'உனக்காக' என்பது வேற்றுமை உருபு. முன்னது பொருளை விட்டு எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிறது. பின்னது பொருளை யாரோ ஒருவர் முன்னால் வைக்கிறது. இந்த இலக்கண வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். பக்திக் கவிதையின் ஜீவன் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர் ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ். கீபிள் இறந்த அதே 1866-ல் ஆங்கிலத் திருச்சபையை விட்டுக் கத்தோலிக்கரானவர். 1868-ல் ஜெஸூயிட் சபையில் சேரும்போது கவிதைகளை எரித்துவிட்டு ஏழாண்டுகள் எழுதாமல் இருந்தார். எழுதாத அந்த ஆண்டுகளில் பார்த்தார். மேகம், ஐஸ் படிவது, மரக்கிளை பிரிகிற கோணம் என்று அவருடைய நாட்குறிப்பு நிறைந்து கிடக்கிறது. 1872-ல் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற இடைக்காலத் தத்துவவாதியின் நூல் கையில் கிடைத்தது. ஒரு பொருள் தன் இனத்தில் ஒன்றாக மட்டும் இல்லாமல், இந்தப் பொருளாக, இதுவாகவே இருப்பதற்கு ஒரு தத்துவார்த்தமான அந்தஸ்து உண்டு என்பது ஸ்கோட்டஸின் பார்வை. ஹாப்கின்ஸ் தேடிக்கொண்டிருந்த அனுமதி அதுதான். ஒரு மரத்தைத் தேவனிடம் கொண்டுபோக அதை மரம் அல்லாததாக ஆக்க வேண்டியதில்லை. எவ்வளவுக்கு அது தானாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது தேவனைச் சொல்கிறது.

இதற்குக் கவிதைக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி. 1883 ஆகஸ்டில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் க்ரகட்டோவா எரிமலை வெடித்தது. அதன் தூசி மேல்வானத்தில் பரவி, அடுத்த மாதங்களில் ஐரோப்பாவில் அந்திகள் விசித்திரமாகச் சிவந்தன. ஸ்டோனிஹர்ஸ்ட் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஹாப்கின்ஸ் அதைப் பற்றி 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகைக்கு எழுதினார். கடிதம் 1884 ஜனவரியில் வெளியாயிற்று. நிறம் எந்த உயரத்தில் தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, வழக்கமான அந்தியிலிருந்து எந்த விதத்தில் வேறுபட்டது என்பதுதான் விஷயம். பாதிரியார் எழுதிய கடிதத்தில் பிரசங்கம் இல்லை. பலர் அந்த வானத்தைப் பார்த்து உலக முடிவை நினைத்திருப்பார்கள். இவர் வானத்தைப் பார்த்தார். நான் இதைப் பக்தியின் குறைவாகக் கருதவில்லை. பார்ப்பதே இவருக்கு வழிபாடு.

1877-ல், வடக்கு வேல்ஸில் ஸெயின்ட் ப்யூனோ மடத்தில் குருப்பட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாதங்களில் எழுதிய கவிதைகளில் ஒன்று, புள்ளியும் வரியும் கலந்த பொருள்களுக்காக நன்றி சொல்கிறது. இரு நிற வானம், மீனின் மேல் புள்ளிகள், குருவியின் சிறகு, துண்டு துண்டாகக் கிடக்கும் வயல், கடைசியில் தொழிலாளிகளின் தட்டுமுட்டுக் கருவிகள். பதினான்கு அடிகளையும் நிரப்பாமல் பத்தரை அடியில் நின்றுவிடுகிற சானட். முதலில் ஒரு நன்றி, கடைசியில் ஒரு கட்டளை, நடுவில் வெறும் பட்டியல். பொருள்களுக்கும் தேவனுக்கும் நடுவே ஒரு விளக்கமும் கிடையாது. அந்த இடைவெளியை மௌனத்தால் கடக்கிறார். கீபிள் அதில் பாலம் கட்டி வழிகாட்டிப் பலகையும் நட்டிருப்பார்.

லிவர்பூலில் பங்குச் சாமியாராக இருந்த 1880-ல் எழுதிய கவிதை ஒரு லாடக்காரரைப் பற்றியது. பெருத்த உடம்புக்காரர், நோயில் விழுந்து, முதலில் சபித்து, பிறகு தணிந்து, செத்துப்போகிறார். சாமியார் தினமும் போய்ப் பார்த்தவர். நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறவனுக்கும் நோயாளியிடமிருந்து ஏதோ கிடைக்கிறது என்ற கண்டுபிடிப்பு கவிதையின் நடுவில் வருகிறது. தேற்றரவு கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பவன் இறைக்கிற தண்ணீர் என்ற எண்ணம் அங்கே உடைகிறது. கவிதை முடிகிற இடத்தைக் கவனிக்க வேண்டும். மோட்சத்தில் முடியவில்லை. அந்த மனிதர் தம் பலத்தின் உச்சத்தில், உலைக்களத்தில், ஒரு பெரிய வண்டிக்குதிரைக்கு லாடம் அடித்த நாளில் போய் முடிகிறது. சாவைச் சொல்லி, ஆகவே மறுமை என்று ஒரு வரி எழுதுவது எத்தனை சுலபம். அதை எழுதாமல் லாடத்தை எழுதியிருக்கிறார். அந்த இரும்பில் உயிர்த்தெழுதலின் ஒலி கேட்கிறவன் கேட்டுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது சுகமான பக்கம். பருவம் கைவிட்டால் என்ன ஆகும்? 1884-ல் ஹாப்கின்ஸ் டப்ளினுக்குக் கிரேக்கப் பேராசிரியராக அனுப்பப்பட்டார். அந்நிய ஊர், முடிவில்லாத பரீட்சைத் தாள்கள், உடல் நலிவு. 1885-ன் சானட்டுகளில் இயற்கையே அநேகமாக இல்லை. ஒரு மனம் தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கிறது. 1889 மார்ச்சில் எழுதிய கவிதையில் வசந்தம் திரும்பி வருகிறது. ஆனால் எதிர்ச் சாட்சியாக வருகிறது. கரையோரம் மறுபடி தழைத்துவிட்டது, பறவைகள் கூடு கட்டுகின்றன, தன்னிடம் மட்டும் எதுவும் உயிர் பிடிக்கவில்லை. எரேமியா தீர்க்கதரிசி தேவனோடு வழக்காடிய வாசகத்தை எடுத்துக்கொண்டு, அதே வழக்கைத் தானும் தொடுக்கிறார். மூன்று மாதத்தில், ஜூன் 8 அன்று, டைஃபாய்டில் இறந்தார். வயது 44. கவிதைகள் புத்தகமாக வந்தது 1918-ல், நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் மூலம். அச்சிட்டது 750 பிரதிகள்.

தியானப் புத்தகக்காரருக்கு அந்தக் கவிதையால் பிரயோஜனம் இல்லை. பருவம் அதில் தேற்றவில்லை, குத்திக் காட்டுகிறது. எனக்கோ, முழு வாழ்க்கையிலும் நம்பத்தகுந்த தெம்பு அந்தக் கவிதையில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. வழக்குத் தொடுக்கிறவன் நீதிபதி இருப்பதாக ஒப்புக்கொள்கிறான். புகார் முழுவதும் முன்னிலையில் இருக்கிறது. தேவனைப் பற்றிப் படர்க்கையில் பேசுகிற ஆயிரம் துதிகளைவிட, முன்னிலையில் நிற்கிற ஒரு முறையீடு விசுவாசத்துக்கு நெருக்கமானது. ஹெர்பர்ட்டின் 'உனக்காக' இங்கே 'நீ ஏன்?' என்று மாறியிருக்கிறது. எதிரில் இருப்பவர் மாறவில்லை.

இந்த இடத்தில் நம் அகக் கவிதை எனக்குத் துணைக்கு வருகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. கருத்தை விளக்கக் கொண்டுவரும் உதாரணமாகப் பருவத்தை அது வைக்கவில்லை. பருவம் முதலில் இருக்கிறது, உணர்வு அதற்குள் நிகழ்கிறது. முல்லையில் கார் வருகிறது. கார் வந்தால் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி தளர்கிறாள். அப்போது தோழி சொல்கிற சமாதானம் குறுந்தொகை அறிந்தவர்களுக்குத் தெரியும்: இது கார் இல்லை, பருவம் தவறிப் பெய்த மழை, அதை நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது. பருவத்தின் சாட்சியத்தைப் பொய்யாக்கியாவது போனவனின் வாக்கைக் காப்பாற்றுகிறாள். பழைய துறைக் குறிப்புகளில் இதற்கு 'வற்புறுத்தல்' என்று பெயர். இன்று அந்தச் சொல்லுக்குக் கட்டாயப்படுத்துதல் என்று அர்த்தமாகிவிட்டது. அன்று அது வலிமை உண்டாகச் செய்தல். தெம்பு ஊட்டுவதற்கு இதைவிடக் கச்சிதமான சொல் நம்மிடம் இல்லை. பூத்த கொன்றையைக் காட்டி, ஆகவே வந்துவிடுவார் என்று தோழி சொல்லவில்லை. கொன்றை என்ன செய்தாலும் வாக்கு நிற்கிறது என்கிறாள்.

இந்த அர்த்தத்தில் இருபதாம் நூற்றாண்டின் முல்லைக் கவி என்று ஆர். எஸ். தாமஸைச் சொல்வேன். 1913-ல் கார்டிஃபில் பிறந்து, 2000-ல் இறந்த வேல்ஸ் தேசத்து ஆங்கிலிகன் பாதிரியார். 1942 முதல் 1954 வரை மனாஃபன் என்ற மலைக்கிராமத்தில் இருந்தார். படித்த நகரத்து இளைஞன் அங்கே கண்டது நாட்டுப்புறத்து நிர்மலம் அல்ல. குளிர், சேறு, கிழங்கு வயலில் குனிந்தே இருக்கும் உடம்புகள், பேச்சற்ற மாலைகள். 1946-ல் வந்த முதல் தொகுப்பிலேயே யாகோ ப்ரிதெர்க் என்ற கற்பனைக் குடியானவன் வந்துவிடுகிறான். அவனைக் கண்டு கவிக்கு அருவருப்பும் வருகிறது, அருவருப்பைக் கண்டு வெட்கமும் வருகிறது. உழவன் தேவனுக்கு நெருக்கமானவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பருவமாகத் தாக்குப் பிடித்து நிற்கிறான் என்று மட்டும் பதிவு செய்கிறார். அந்தத் தாக்குப்பிடிப்பு எதற்கும் குறியீடு இல்லை. அதனால்தான் அதற்குக் கனம் இருக்கிறது.

1967 முதல் 1978-ல் ஓய்வு பெறும் வரை கடலோர அபெர்டாரனில் இருந்த காலத்தில் அவருடைய தேவன் மேலும் மேலும் இல்லாமையாக ஆனார். காலியான கோயிலில் மண்டியிட்டுக் காது கொடுக்கிற மனிதன் அந்தக் கவிதைகளில் திரும்பத் திரும்ப வருகிறான். தாமஸ் பறவை பார்க்கிறவர். அபூர்வமான ஒரு பறவைக்காகக் கடலை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதும் ஜெபமும் ஒரே செயலாக ஆகிற கவிதை 1975 தொகுப்பில் இருக்கிறது. பறவை வராத நேரத்தில் அது வரக்கூடும். ஆகவே காத்திருப்பு வீண் இல்லை என்று அவர் முடிவு கட்டுவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதே தொகுப்பில், வெயில் சட்டென்று விழுந்து ஒரு சிறு வயல் ஒளிர்வதைக் கண்டும் கடந்துபோய் மறந்துவிட்டதைச் சொல்கிற கவிதையும் இருக்கிறது. இருத்தலும் இருத்தல் நிமித்தமும் முல்லையின் உரிப்பொருள். தலைவன் வரும் நாள் கவிதைக்கு வெளியே இருக்கிறது.

இனி நம் பக்கம். தமிழில் கிறிஸ்தவக் கவிதைக்கு வயது குறைவில்லை. 1726-ன் தேம்பாவணியில் யூதேயா தமிழ்க் காவிய மரபின் நாட்டுப் படலமாக வளம் கொழிக்கிறது. கீபிளின் புத்தகம் வந்த 1827-ல் பிறந்த ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894-ல் தம் இரட்சணிய யாத்திரிகத்தில் பனியனின் பயணியைக் கம்பன் வழியில் நடத்திப் போனார். சாதனைகள்தான். ஆனால் இரண்டிலும் நிலம் மரபிலிருந்து வந்தது, பொழுதும் மரபிலிருந்து வந்தது. மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளிலோ பொழுது ஐரோப்பாவிலிருந்தே வந்துவிட்டது. வெண்பனிக் கிறிஸ்மஸ், வசந்தத்தில் ஈஸ்டர். இங்கே ஈஸ்டர் வருவது பங்குனி, சித்திரை வெயிலில். மரம் துளிர்ப்பதைக் காட்டி உயிர்த்தெழுதலைச் சொல்ல, கிணறு வற்றிக்கொண்டிருக்கும் ஊரில் என்ன அர்த்தம்?

'முன்மாரி', 'பின்மாரி' என்ற சொற்களை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் பைபிளில் ஆசீர்வாதத்தின் சொற்கள். பாலஸ்தீனத்தில் முன்மாரி ஐப்பசி வாக்கில் வந்து காய்ந்த மண்ணை உழவுக்கு இளக்கும். பின்மாரி பங்குனியில் வந்து கதிரின் மணியை முற்ற வைக்கும். அறுப்பு அதற்குப் பிறகு. காவிரிக்கரையில் சம்பா போட்டவனுக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில். அவன் அறுப்பது தையில். கதிர் சாய்ந்து நிற்கும்போது பின்னால் வருகிற ஒரு மழை அவனுக்கு ஆசீர்வாதம் இல்லை, நாசம். சொல் தமிழ், வானம் தமிழ் இல்லை. இதை மொழிபெயர்ப்பாளரின் குற்றமாக நான் சொல்லவில்லை, மூலத்தில் இருப்பதைத்தான் அவர் தர முடியும். அந்த இடைவெளியில் நின்று, அறுப்பில் பெய்த மழையை வைத்துக்கொண்டு தேவனோடு வழக்காடியிருக்க வேண்டியது கவியின் வேலை. கிடைத்ததோ பெரும்பாலும், பின்மாரி, ஆகவே ஆசீர்வாதம்.

ஆனால் ஓரிடத்தில் அந்த வேலை நடந்தேயிருக்கிறது. செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. எருசலேம் வீதியில் ஜனங்கள் பிடித்தது பேரீச்ச மட்டை. தமிழில் அது குருத்தோலை ஆயிற்று. குருத்து என்பது மரம் இனிமேல் விரிப்பதற்காக உள்ளே மடித்து வைத்திருக்கும் இலை. பங்குனி வாக்கில், பதநீர் இறங்கும் காலத்தில், தென்னையோ பனையோ, ஊரில் எது உண்டோ அதன் குருத்தை வெட்டிக் கையில் பிடித்துப் போகிறார்கள். கத்தோலிக்க வீடுகளில் அதைச் சிலுவையாக மடித்து வாசலிலோ படத்துக்குப் பின்னாலோ செருகி வைப்பார்கள். ஓராண்டு அங்கே இருந்து, மஞ்சளித்து, சருகாகி, அடுத்த தவக்காலத் தொடக்கத்தில் கோயிலுக்குத் திரும்பி, எரிந்து, சாம்பலாக அதே வீட்டாரின் நெற்றிக்கு வருகிறது. அந்தப் புதன்கிழமைக்குப் பழைய பெயர் விபூதிப் புதன். சைவ வீட்டுச் சொல்லையே அந்த மக்கள் எடுத்துக்கொண்டார்கள். வெற்றி முழக்கத்தின் இலை மரணத்தின் நீறாவதற்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கிறது. நடுவில் அது சமையல் புகையிலும் குழந்தைகளின் கூச்சலிலும் வீட்டுச் சுவரில் இருந்திருக்கிறது. இதில் யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. சாம்பல் பூசிய நாற்பது நாளில் மறுபடி ஒரு குருத்து வெட்டப்படுகிறது.

அன்றாடமும் பருவமும் விசுவாசமும் சந்திக்கிற உருவம் என்று நான் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான். ஹெர்பர்ட்டின் விளக்குமாறும் ஹாப்கின்ஸின் லாடமும் இதே ஜாதி. சடங்காக இது இருக்கிறது, சொல்லாக இருக்கிறது, தமிழில் கவிதையாக இன்னும் நான் படிக்கவில்லை. கிறிஸ்தவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, கிறிஸ்தவர் எழுதக்கூடாது என்பதும் இல்லை. சுவரில் செருகிய ஓலையை ஓராண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை உள்ள ஒருவர் எழுத வேண்டும். மழை தவறிய ஆண்டிலும் அவர் பார்த்தாக வேண்டும்.